பொருள் நாடலும் துன்பம் ஏற்றலும்: இருவகை உளச்சிகிச்சை ஒப்பீடு

பரீட்சை நெருங்குங்கால் உறக்கமொழிந்து நடுங்கும் மாணாக்கனும், தாயை இழந்தபின் புத்தகத்தைத் திறந்துவைத்து ஓரெழுத்தும் வாசியாதிருக்கும் மாணாக்கியும் ஆசிரியர்க்குப் புதியவரல்லர். அவரை நோக்கி “அஞ்சாதே”, “அழாதே” என்று சொல்லிவிடுதல் எளிது; அச்சொல்லால் அச்சம் நீங்கினாரையும் அழுகை தீர்ந்தாரையும் காண்டல் அரிது. ஆதலின், இக்காலத்து உளச்சிகிச்சை முறைகளுள் இரண்டினை ஈண்டு ஒப்பிட்டு ஆராய்வாம். ஒன்று வாழ்க்கையின் பொருளை நாடுவது. மற்றையது உள்ளத்தெழுந் துன்பத்தை ஏற்றுக்கொண்டு செயலாற்றுவது.

பொருள் நாடும் முறை

இம்முறையை வகுத்தவர், ஒஸ்திரியா தேசத்து வியன்னா நகரிலே 1905 ஆம் ஆண்டிற் பிறந்த விக்டர் பிராங்கிள் என்னும் வைத்தியராவர். ‘லோகோஸ்’ என்னுங் கிரேக்கச் சொல்லைப் ‘பொருள்’ என்னுங் கருத்திற்கொண்டு, தம் முறைக்கு லோகோதெரப்பி எனப் பெயரிட்டார். அவர் இளமையில், 1928 முதலாக, இளைஞர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை கூறும் நிலையங்களை அமைத்தார். தேர்ச்சியறிக்கை வழங்குங் காலத்தில் மாணாக்கர் மனமுடைதலைக் கருதி, அக்காலத்துக்கெனத் தனி முயற்சியும் மேற்கொண்டார். யூதராதலின், 1942 இல் நாசிகளாற் குடும்பத்தோடு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கும், 1944 இல் அவுஷ்விட்ஸ் முகாமுக்கும், பின்னர் டாக்கௌ முகாமின் கிளைகளுக்குங் கொண்டுசெல்லப்பட்டார். 1945 ஏப்ரலில் விடுதலை பெற்றார்; ஆயினும் தந்தை, தாய், மனைவி ஆகிய மூவரையும் இழந்தார். அவ்வனுபவத்தை 1946 இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கொள்கை யாதெனின், மனிதனை இயக்கும் முதன்மையான விருப்பம் இன்பமுமன்று, அதிகாரமுமன்று. தன் வாழ்வுக்கு ஒரு பொருள் உண்டென்று காணும் விருப்பமே என்பது. அப்பொருளைக் காணும் வழிகள் மூன்று: ஒரு தொழிலைச் செய்து முடித்தல், ஒருவர்மீது அன்பு வைத்தல், அன்றி உண்மையும் அழகும் நுகர்தல், விலக்கவியலாத துன்பம் வந்துழி அதனை எதிர்கொள்ளும் நிலையைத் தானே தெரிந்துகொள்ளல். மனைவியை இழந்து ஈராண்டாகத் தேறாத முதிய வைத்தியர் ஒருவர் அவரிடம் வந்தார். “நீர் முன்னர் இறந்து அவர் எஞ்சியிருப்பின் என்னாகும்?” என்று பிராங்கிள் வினவினார். தம் மனைவி பெருந்துன்பம் உற்றிருப்பார் என்றார் முதியவர். அத்துன்பம் மனைவிக்கு வாராதபடி அதனை அவரே சுமக்கின்றார் என்பதை அப்போது பிராங்கிள் சுட்டிக்காட்டினார். துயர் நீங்கிற்றன்று, ஆயினும் அதற்கு ஒரு பொருள் கிடைத்தது.

இக்கொள்கையைத் தழுவி, நியூயோர்க் நகரத்துப் புற்றுநோய் வைத்தியசாலையொன்றில் வில்லியம் பிரைட்பார்ட் என்னும் வைத்தியர், நோய் முதிர்ந்தாருக்கென எட்டு அமர்வுகள் கொண்ட குழுச் சிகிச்சையும், ஏழு அமர்வுகள் கொண்ட தனிச் சிகிச்சையும் வகுத்தனர்.

ஏற்கும் முறை

இம்முறையைத் தோற்றுவித்தவர் ஐக்கிய அமெரிக்காவின் உளநூற் பேராசிரியராகிய ஸ்டீவன் ஹேய்ஸ். 1978 இல் ஆசிரியர் கூட்டமொன்றிலே திடீரெனப் பேரச்சம் பற்றி, வாய் திறந்தும் பேச்செழாத நிலை அவருக்கு உற்றது. அவ்வச்சத்தை ஒழிக்க முயலுந்தோறும் அது வளர்ந்தது. இவ்வனுபவமும் ஆராய்ச்சியுந் துணையாக வளர்ந்த முறையை, 1999 இல் இருவரோடு சேர்ந்து நூலாக வெளியிட்டார். ஏற்றலும் உறுதிபூண்டு செயலாற்றலும் எனவே அம்முறை பெயர்பெறும்.

எண்ணத்தை அடக்க முயலின் அது பெருகும் என்பதற்கு, 1987 இல் டேனியல் வெக்னர் முதலியோர் வெளியிட்ட பரிசோதனை சான்றாம். வெண்கரடியை நினையாதிருக்குமாறு பணிக்கப்பட்டோர் அதனை நினையாதிருக்க மாட்டாராயினர். பின்னர் நினைக்கலாம் என்று விடுத்தபோது, முதலிலேயே நினைக்க விடப்பட்டோரினும் மிகுதியாக நினைத்தனர்.

ஆதலின் ஹேய்ஸ் முறையிலே, “நான் தோற்பேன்” என்று எண்ணுபவன் “தோற்பேன் என்னும் எண்ணம் எனக்கு வருகின்றது” என்று சொல்லப் பழகுவான். அவ்வளவில் எண்ணம் வேறு, தான் வேறு என்பது புலப்படும். ஓடைநீரில் மிதந்துசெல்லும் இலைகளின்மேல் எண்ணங்களை ஒவ்வொன்றாக வைத்து நோக்குதலும் ஒரு பயிற்சி. பின்னர்த் தான் மேலாக மதிப்பது எது எனத் தெரிந்து, அச்சம் உடனிருக்கவே, அத்திசையில் ஓரடி வைத்தல் வேண்டும். இங்கு ஏற்றல் என்பது தோல்வியை ஒப்புக்கொள்ளலன்று. உள்ளத்தோடு செய்யும் வீண்போரைக் கைவிடுதலாம்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

துன்பமின்மையே நல்வாழ்வு என்பதை இரண்டும் மறுக்கும். அச்சத்தினின்று ஓடுதலே அச்சத்தை வளர்க்கும் என்பதும் இரண்டற்கும் உடன்பாடு. உறக்கம் வாராதவனை விழித்திருக்க முயலுமாறு பிராங்கிள் பணித்ததும் இது பற்றியே.

வேற்றுமை யாதெனின், பிராங்கிள் கருத்திலே பொருள் என்பது அவ்வந்நிலையில் மனிதனுக்காகக் காத்திருப்பது; அதனைக் கண்டறிதலே அவன் கடன். ஹேய்ஸ் கருத்திலோ மதிப்புக்கள் மனிதன் தானே தெரிந்துகொள்ளுந் திசைகள். அவை சென்று முடிவனவல்ல. முன்னையது “இத்துன்பம் என்னிடம் எதனை வேண்டுகின்றது?” என்று வினவும், பின்னையது “இத்துன்பம் உடனிருக்கவே நான் செய்யத்தக்கது யாது?” என்று வினவும்.

ஆசிரியர் கொள்ளத்தக்கது

பரீட்சைக்கு நடுங்கும் மாணாக்கனுக்கு ஏற்கும் முறை அணித்து. நடுக்கம் நின்றபின் படிக்கலாம் என்று அவன் காத்திருத்தல் வேண்டா. நடுங்குங் கையோடே ஒரு கணக்கைச் செய்யட்டும். தாயை இழந்தாளுக்குக் காலம் சென்றபின் பொருள் நாடும் முறை உதவலாம். ஆயின் ஈண்டு மிக்க எச்சரிக்கை வேண்டும். பிராங்கிள் முதலில் முதியவரிடம் வினாவே எழுப்பினார்; அவர் விடை கூறியபின்னரே அதன் பொருளைச் சுட்டினார். “இஃது உன் நன்மைக்கே வந்தது” என்று பிறர் துயருக்கு நாம் பொருள் கற்பித்தல் ஆறுதலன்று, கொடுமையாம். அருகிருந்து, தாயைப் பற்றி அவள் பேச விரும்பும்போது கேட்டலே முதற்கடமை.

மற்றொன்று: விலக்கத்தக்க துன்பத்துக்குப் பொருள் காண்டலும் அதனை ஏற்கச் சொல்லலும் பிழை. அத்தகைய துன்பத்தின் காரணத்தை நீக்குதலே தக்கதென்று பிராங்கிளுங் கூறினார். பசித்த பிள்ளைக்கு உணவும், அடிபடும் பிள்ளைக்குப் பாதுகாப்பும், ஏளனஞ் செய்யப்படும் பிள்ளைக்கு நம் துணையுமே மருந்து. உயிரை மாய்க்கும் எண்ணத்தை ஒரு பிள்ளை குறிப்பாலேனும் வெளியிடின், இம்முறைகளை நாம் கையாளப் புகாது, அப்பிள்ளையைத் தனியே விடாது, அன்றே பொறுப்புள்ள உற்றாருக்கு அறிவித்து வைத்தியரிடஞ் சேர்ப்பித்தல் வேண்டும்.

ஆகவே, துன்புறும் பிள்ளையைக் காணுந்தோறும் ஆசிரியர் முதலில் வினவத்தக்கது, “இது நீக்கத்தக்கதோ, அன்றோ?” என்பதே. நீக்கத்தக்கதாயின் நீக்குக. அன்றாயின், அதனோடு நடக்கவும் அதனிடைப் பொருள் காணவும் அப்பிள்ளைக்கு உடன்நின்று உதவுக.