மிதிவண்டியும் சாலைச் சினமும்

கேள்வி: அம்மாபேட்டையிலிருந்து சேலம் பழைய பேருந்து நிலையப் பகுதிக்கு நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர், உரசிச் செல்லும் பேருந்துகளாலும் எதிர்த்திசையில் ஏறி வரும் இருசக்கர வாகனங்களாலும் காதருகே அலறும் ஏர் ஹாரன்களாலும் சினமுற்றே வீடு சேர்கிறார். இந்தச் சினத்தை அடக்குவதற்கு வழி உண்டா?
(வாசகர், அம்மாபேட்டை)

பதில்: இத்தகைய வேளைகளில் முதலில் எழுவது சினம் அன்று, அச்சம் ஆகும். பேருந்தொன்று முழங்கையைத் தொடுமளவுக்கு நெருங்கிக் கடக்கும்போது, ஆபத்தை இனங்காணும் பொறுப்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி தூண்டப்படுகிறது. அதன் விளைவாகப் பரிவு நரம்பு மண்டலம், அதாவது எதிர்க்கவோ தப்பி ஓடவோ உடலை ஆயத்தம் செய்யும் தன்னியக்க நரம்புத் தொகுதி, முடுக்கப்பட்டு அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்க, கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பற்றுகின்றன. ஆபத்து நீங்கிய பின்னும் இந்தக் கிளர்ச்சி உடனே தணிவதில்லை என்பதால், ஓடுவதற்கு வழியற்ற உடல் எதிர்ப்பதற்கு ஓர் ஆளைத் தேடுகிறது. அச்சம் சினமாக உருமாறுவது இவ்விடத்தில்தான்.

அச்சத்திற்குக் காரணமான நிகழ்ச்சி நீடிக்கும் நேரமோ மிகச் சிறிது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டியை 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து முந்தும்போது, இரண்டிற்கும் இடையிலான வேக வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் ஆகையால், 11 மீட்டர் நீளமுள்ள அந்தப் பேருந்து முகப்பு முதல் பின்புறம் வரை ஹேண்டில்பாரைக் கடந்து முடிக்க இரண்டு நொடிகூட ஆவதில்லை. சினமோ வழியிலுள்ள பட்டைக்கோவில் தாண்டியும் விடுவதில்லை. போய்விட்ட பேருந்தின் பின்னாலேயே மனம் ஓடிக்கொண்டிருக்க, முன்னே ஓரத்தில் நிற்கும் காரின் கதவு திறக்கப்போவதோ, ஆட்டோ ஒன்று சிக்னல் காட்டாமல் திரும்ப முனைவதோ கண்ணில் படாமல் போகிறது. சினத்தின் முதற்கேடு இதுவே: அது நடந்து முடிந்ததைப் பார்க்க வைத்து, நடக்கவிருப்பதை மறைத்துவிடுகிறது.

அச்சம் சினமாக மாறுவதற்குத் துணை நிற்பது ஒரு கற்பிதம். உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என்று பெயரிட்ட இப்போக்கின்படி, மனிதர் பிறருடைய செயலுக்குச் சூழலைக் காட்டிலும் அவருடைய குணத்தையே காரணமாகக் காண்கின்றனர். ஒருவர் தாம் அவசரமாக ஒடித்துத் திரும்பினால் ‘பள்ளிக்கு நேரமாகிவிட்டது’ என்பார். மற்றவர் அதையே செய்தால் அவருக்குத் திமிர் என்பார். அயோத்தியாபட்டணம் பக்கமிருந்து உடையாப்பட்டி, அம்மாபேட்டை வழியாக நகருக்குள் வரும் பேருந்தின் ஓட்டுநர், நேர அட்டவணைக்கும் நிறுத்தத்தில் காத்திருக்கும் கூட்டத்திற்கும் பின்னால் நெருக்கி வரும் மற்றொரு பேருந்தின் கலெக்‌ஷன் போட்டிக்கும் இடையே ஓட்டுகிறார். மிதிவண்டியில் செல்பவரை அவமதிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் இருக்க வாய்ப்பு குறைவு. இது அவருடைய செயலுக்கு விளக்கமாகுமேயன்றி மன்னிப்பு ஆகாது; எனினும் இழிவுபடுத்தப்பட்டதாக நினைப்பவருக்கு எழும் சினம், தம்மைக் கவனிக்காமல் விட்டதாக நினைப்பவருக்கு எழுவதில்லை.

ஆதலால் ‘அடக்குதல்’ என்ற வழியே ஆய்வுக்குரியது. ஜேம்ஸ் கிராஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படக்காட்சியைப் பார்த்தவர்களுள் உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைத்தவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை என்பதும், உடற்கிளர்ச்சி மிகுந்தது என்பதும் தெரியவந்தன. காட்சியை வேறு கண்கொண்டு நோக்கியவர்களுக்கே, அதாவது உணர்ச்சி முற்றுமுன் நிகழ்ச்சிக்கு வேறு பொருள் கொடுத்தவர்களுக்கே, அந்த உணர்வு தணிந்தது. இதற்கு எதிர்முனையிலுள்ள ‘கத்தித் தீர்த்துக்கொள்ளுதல்’ என்பதும் பயன் தருவதில்லை. பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிடக் கூடுதலாகச் சினந்திருந்தனர். இவ்விரண்டுக்கும் மாற்றாக, வண்டி நெருங்கிக் கடந்தவுடன் பெடலைச் சில சுற்றுகள் மெதுவாக்கி, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டுவது எளிய முறையாகும். நீண்ட வெளிமூச்சு, உடலை அமைதிநிலைக்குக் கொண்டுவரும் துணைப்பரிவு நரம்புகளைத் தூண்டி இதயத் துடிப்பைக் குறைக்கிறது.

ஆயினும் மூச்சுப் பயிற்சிகளைவிடப் பெரிய பங்கு, சாலையில் மிதிவண்டி ஓடும் இடத்திற்கே உண்டு; மன அமைதி பற்றிய நூல்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. பொதுவாக மிதிவண்டிக்காரர் பணிவு கருதியோ அச்சம் கருதியோ தாரின் கடைசி விளிம்பிலேயே ஓட்டுகிறார். அங்கே மணலும் சரளைக்கல்லும் சேர்ந்திருக்கும். தார்ப்பரப்புக்கும் மண்ணுக்கும் இடையே நான்கு விரற்கடை உயர வேறுபாடு இருக்கும். சாக்கடை மூடியும் நிறுத்தப்பட்ட வண்டிகளும் குறுக்கிடும். இவற்றைத் தவிர்க்க அவர் நொடிக்கொருமுறை வலப்புறம் ஒடிக்க வேண்டியிருக்க, பின்னால் வருபவருக்கோ விளிம்பில் செல்லும் மிதிவண்டி ‘ஒதுங்கிவிட்டது’ என்றே தோன்றுவதால், வேகத்தைக் குறைக்காமல் அந்த இடுக்கில் நுழைகிறார். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம், அதாவது முக்கால் மீட்டர் அளவேனும் உள்ளே தள்ளி நேர்கோட்டில் ஓட்டுவதும், நிற்கும் கார்களை ஒரு கதவின் அகலம் விட்டுக் கடப்பதும், விலக நேர்ந்தால் திரும்பிப் பார்த்துக் கை காட்டிய பின்பே விலகுவதும் உரசல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். எழாத சினத்தை அடக்க வேண்டிய தேவையில்லை.

நகரப் பேருந்து ஓடும் சாலைகளுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. நிறுத்தந்தோறும் நின்று செல்லும் பேருந்தும் நிற்காமல் செல்லும் மிதிவண்டியும் நெரிசல் வேளையில் ஏறத்தாழ ஒரே சராசரி வேகத்தில் நகர்வதால், ஒரே பேருந்து ஒரே மிதிவண்டியை நான்கைந்து முறை முந்த நேரிடுகிறது; ஒவ்வொரு முறையும் அது முந்தி வந்து இடப்புறம் ஒடித்து நிற்க, இருவருக்கும் தனிப்பட்ட பகை மூண்டதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டாம் முறையே ஓரமாக நிறுத்தி, ஒரு நிமிடம் தாமதித்து, அந்தப் பேருந்தை முன்னே போகவிடுவது தோல்வி ஆகாது. நிறுத்தத்தை நெருங்கும் பேருந்தின் இடப்புறமாக நுழைவதோ எக்காலத்தும் கூடாது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தைவிட உட்புறமாக வெட்டி வரும் என்பதும், அந்த இடம் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாமல் போகலாம் என்பதும் காரணம்.

ரயில்வே கேட்டுகளில் பொறுமைக்குக் கூடுதல் சோதனை உண்டு. பொன்னம்மாபேட்டை கேட் போன்ற இடங்களில் கேட் மூடப்பட்டதும் இருபுறத்து வண்டிகளும் சாலையின் முழு அகலத்தையும் அடைத்து நிற்பது வழக்கமானால், கேட் திறக்கும்போது இரு கூட்டங்களும் நேருக்குநேர் மோதிக்கொண்டு நிற்பதும் இயல்பே. முதல் வரிசையில் நின்று முந்த முயலும் மிதிவண்டிக்காரர் அந்த நெரிசலில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்க நேரிட்டு, சக்கரம் தண்டவாள இடுக்கில் சிக்கி விழவும் கூடும். நெரிசல் கலையும்வரை ஓரிரு நிமிடம் பின்னால் நின்று, பிறகு தண்டவாளத்தைச் செங்கோணமாகக் கடப்பதே தக்கது.

இவ்வளவும் மிதிவண்டிக்காரரின் மேலேயே சுமத்தப்படுவது நியாயமா எனில், இல்லை. முற்காலத்தில் மிதிவண்டிக்கு உள்ளாட்சி மன்றத்தில் வரி கட்டி வில்லை வாங்க வேண்டியிருந்தது. இரவில் விளக்கில்லாமலோ ‘டபுள்ஸ்’ ஏற்றியோ சென்றால் காவலர் பிடித்ததும் உண்டு. அந்தக் கெடுபிடிகள் போனது நல்லதே. ஆனால் மிதிவண்டியும் சாலையில் செல்லும் ஒரு வண்டியே என்ற எண்ணமும் அவற்றோடு போய்விட்டதாகத் தோன்றுகிறது. அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளில் காலையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் சாலை இதே கண்ணோடுதான் பார்க்கிறது.

மிதிவண்டிகளின் எண்ணிக்கை இந்தப் பார்வையை மாற்றக்கூடும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, பல்லாயிரம் ஊரகப் பெண்கள் மிதிவண்டி பழகினர்; இதழாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதியுள்ளார். ஏளனப் பேச்சுகளை அவர்கள் வாதிட்டு வெல்லவில்லை. எல்லாச் சாலைகளிலும் பெண்கள் ஓட்டத் தொடங்கியபின் ஏளனத்திற்கு அங்கே வேலை குறைந்தது. மிதிவண்டிகளும் நடப்போரும் பெருகும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் உள்ள விபத்து வாய்ப்பு குறைகிறது என்பதைப் பீட்டர் ஜேக்கப்சன் என்னும் ஆய்வாளர் 2003-இல் பல நாடுகளின் புள்ளிவிவரங்களைக் கொண்டு காட்டினார். ஒரே வேளையில் ஒரே திசையில் செல்லும் இரண்டு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராகச் சேர்ந்து செல்வது இவ்வகையில் பயனுடையது.

கேள்வி: தவறு செய்தவரைத் தட்டிக் கேட்காமல் ஒதுங்கிப் போவது கோழைத்தனம் ஆகாதா?
(அதே வாசகர்)

பதில்: கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும் எஞ்சின் இரைச்சலுக்குள்ளும் சாலையில் எழும் கூச்சல் பெரும்பாலும் எட்டுவதில்லை; கையை ஓங்கினால் பிரேக்கில் ஒரு கை குறைகிறது. துரத்திச் சென்று சிக்னலில் கேட்பவர், தலைக்கவசமும் இரும்புக் கூடும் இல்லாத தம் உடலை அடுத்தவரின் சினத்திற்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறார். தட்டிக் கேட்க வேண்டிய இடம் வேறு.

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடந்து செல்வோர், மிதிவண்டியில் செல்வோர், சிறுவர், முதியோர் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களின் பாதுகாப்பில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும் என விதிக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019-இல் திருத்தப்பட்ட பின், விதிக்கு மாறாக முந்துவதையும் எதிர்த்திசையில் ஓட்டுவதையும் ஓட்டும்போது கைபேசியைப் பயன்படுத்துவதையும் ஆபத்தான ஓட்டுதலாகக் கருதி, முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தேவையின்றி ஹாரன் அடிப்பதற்கு 194எஃப் பிரிவின்கீழ் முதல் முறை 1,000 ரூபாயும் அடுத்த முறை 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. இச்சட்டம் சாலையில் தானாக இயங்கிவிடுவதில்லை. பெரும்பாலும் புகார் வந்தால்தான் இயங்கும், அதுவும் சில வேளைகளில் மட்டுமே. எனினும் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வண்டியைப் பற்றிப் பலர் தந்த எழுத்துப் புகாருக்கு, சாலையில் போட்ட ஒரு கூச்சலுக்கு இல்லாத எடை உண்டு.

காயம் பட்டால் முதலில் 108, பிறகே மற்றவை. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் போய்விட்டால், 161-ஆம் பிரிவின்கீழ் 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டப்படி, கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் இழப்பீடு உண்டு. வண்டி இன்னதென்று தெரிந்தால் அதன் காப்பீட்டிலிருந்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வழியே பெறக்கூடியது இதைவிடப் பன்மடங்காக இருக்கலாம் என்பதால், அந்த இரண்டு நொடிகளில் ஓட்டுநரின் முகத்தைத் தேடுவதைவிட எண் பலகையைப் பார்ப்பதே பயனுடையது. எண் முழுவதும் கிடைக்காவிட்டால் கடைசி நான்கு இலக்கங்கள், வண்டியின் நிறம், பேருந்தாயின் தடம், இடம், நேரம் ஆகியவற்றை மிதிவண்டியை ஓரம் நிறுத்திக் கைபேசியில் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கடைகளில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று அப்போதே பார்த்து வைக்கலாம். பதிவுகள் பெரும்பாலும் சில நாட்களில் தாமாகவே அழிந்துவிடும் என்பதால் புகாரைத் தள்ளிப்போடக் கூடாது.