பழத்தோல் உரமாகும் வழி

செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டில் 2016 ஜனவரியில் பற்றிய தீயின் புகையை நாம் மறந்திருக்க முடியாது. காற்றுப் புகாமல் அழுகும் ஈரக்கழிவிலிருந்து மீத்தேன் எழுகிறது. தீயை அது வளர்க்கிறது. அதே வாழைப்பழத்தோல் நம் பால்கனித் தொட்டியில் காற்றோட்டத்துடன் மட்கினால் உரமாகிறது.

துளையிட்ட மண்தொட்டியின் அடியில் சருகு பரப்புவோம். நறுக்கிய தோல், காய்க்கழிவு ஒரு பங்குக்குச் சருகோ தென்னைநார்த் தூளோ இரு பங்கிட்டு மூடுவோம். பலரும் கஞ்சத்தனம் காட்டுவது இவ்வுலர்பொருளில்தான். துர்நாற்றமும் பழ ஈக்களும் பெரும்பாலும் அதனாலேயே வருகின்றன. வாரம் இருமுறை கிளறுவோம். மும்பை மழையைச் சொல்லவா வேண்டும், சாரல் படாத இடத்தில் வைப்போம். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரியலாம்; நீர் சொட்டலாகாது. இரண்டு மூன்று மாதங்களில் கருநிறமாய், மண்வாசனையுடன் உதிர்ந்தால் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் இடலாம்.