புகைநாளில் வீட்டுக் காற்று

2019–20 கோடையில் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக் காடுகள் எரிந்தபோது, சிட்னி, கான்பெரா நகரங்களைப் பல நாள்கள் புகை சூழ்ந்திருந்தது. அக்கோடைப் புகையால் 417 பேர் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டனர்.

நாம் பெரிதும் அஞ்ச வேண்டியது முற்றத்தில் விழும் சாம்பலுக்கு அன்று, 2.5 மைக்ரோமீட்டரினும் சிறிய நுண்துகள்களுக்கே. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான அவை நுரையீரலின் ஆழம்வரை செல்லும், கதவிடுக்குகளிலும் நுழையும். ஆகவே சன்னலை மூடுவது புகையைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றும் தடுக்காது. நீரால் குளிர்விக்கும் ஏர்கூலர் வெளிக்காற்றை உள்ளிழுப்பதால் அதனை நிறுத்துங்கள். ஏ.சி.யை உட்காற்றையே சுழற்றும்படி அமையுங்கள். ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றே இருப்பின், ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ உறங்கும் அறையில் அதனை வையுங்கள். சாம்பிராணியும் எண்ணெய்ப் பொரியலும் அன்று வேண்டா. நம்மவர் வீடுகளில் இதனைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

எளிதில் மறந்துபோவது அடுத்த கட்டமே. வெளியே வானம் தெளிந்த பின்னும் வீடு மூடியே கிடந்தால், முன்பு புகுந்த துகள்கள் உள்ளேயே தங்கிவிடும். காற்றின் தரம் சீரானதும் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுமாறு வேண்டுகிறோம். மூடிய வீடு வெப்பத்தால் தகித்தால், முதியோரைக் குளிரூட்டப்பட்ட நூலகத்துக்கோ வணிக வளாகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை, மூச்சு சீராக இருப்பினும் நிறுத்தாதீர்கள். நிவாரண இன்ஹேலருக்குப் பின்னும் திணறல் தணியாவிடில் உடனே 000 எண்ணை அழையுங்கள்.