எந்த உத்தரவை எதிர்த்து ரிட் போடலாம்?

"ஆபீசர் உத்தரவு போட்டுட்டா அவ்வளவுதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. அரசியலமைப்பின் 226-வது பிரிவுப்படி அந்த உத்தரவை உயர்நீதிமன்றம் சரிபார்க்கலாம். குடிமையியலில் இதை நீதிப்புனராய்வு என்கிறோம்.

நகராட்சி, நோட்டீஸ் தராமல் ஒரு டீக்கடையின் உரிமத்தை ரத்து செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரிட் போடலாம். தனியார் மில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால்? பொதுவாக ரிட் கிடையாது. தொழிலாளர் நீதிமன்றம் போகணும்.

நீதிபதி கேட்பவை மூன்று:
1. சட்டப்படி அதிகாரம் உண்டா?
2. பாதிக்கப்பட்டவரிடம் விளக்கம் கேட்டார்களா?
3. காரணம் நியாயமானதா?

"நானா இருந்தா வேற மாதிரி முடிவெடுத்திருப்பேன்" என்பதற்காக மட்டும் அவர் உத்தரவை ரத்து செய்ய மாட்டார்.

1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை மத்திய அரசு காரணம் சொல்லாமல் முடக்கியது. அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும் என்றது உச்சநீதிமன்றம் (1978). ஜனாதிபதி ஆட்சிப் பிரகடனத்தையே நீதிமன்றம் ஆராயலாம் என்றது பொம்மை வழக்கு (1994).

நம்ம இராஜபாளையத்துக்காரர்கள் இதற்காகச் சென்னை போக வேண்டாம். 2004 ஜூலை 24 முதல் மதுரையிலேயே உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. வீட்டுக்கு ஓர் உத்தரவு வந்தால், கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாமல் காரணத்தைப் படிப்போம்!