குற்றாலத்துப் படகும் குலசேகரர் பறவையும்



சாரற் காலத்தில் குற்றாலம் சென்ற அன்பர்கள் வெண்ணமடைக் குளத்துப் படகுகளை அறிவர். ஐந்தருவி நீரால் நிறையும் குளம் அது. மிதிபடகில் ஏறிய சிறுவர்க்கும் அங்கே அச்சமில்லை. எத்திசை நோக்கினும் கரை தோன்றும். பெருமாள் திருமொழியின் ஐந்தாம் திருமொழியில் ஐந்தாம் பாசுரத்தைக் கற்கப் புகுமுன் இக்குளத்தை நினைப்பது நன்று. ஆழ்வார் காட்டும் நீர் இதற்கு நேர்மாறானது. அங்கே கரையே தென்படாது.

அருவி நீரைச் சுமந்த சிற்றாறு தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஆழ்வார்திருநகரி வழியே புன்னைக்காயலில் கடல் புகுகிறது. (நம்மாழ்வார் அவதரித்த ஊரின் படித்துறையில் நீராடுவோர் குற்றாலச் சாரலிலும் சிறிது நனைகின்றனர்!) அத்தகைய கடலின் நடுவே செல்லும் ஒரு கப்பலைத்தான் குலசேகரப் பெருமாள் நம் கண்முன் நிறுத்துகிறார். குவலயாபீடத்தை முடித்தவனே என்று திருவித்துவக்கோட்டு எம்பெருமானை விளித்து, எங்கும் பறந்து கரை காணாமல் மீண்டு அக்கப்பலின் பாய்மரத்திலேயே வந்தமரும் பறவையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார்.

இது வெறும் கற்பனையன்று. திசைகாட்டும் கருவி இல்லாத காலத்தில் மாலுமிகள் பறவைகளைக் கப்பலில் கொண்டு சென்று, நடுக்கடலில் பறக்கவிடுவர். நிலம் அருகிருந்தால் பறவை அத்திசையே போய்விடும். இல்லையேல் கப்பலுக்கே மீளும். பழைய பாலி நூல்களிலும் இவ்வழக்கம் பேசப்படுகிறது.

இங்கு ஓர் ஐயம். பறவை தானே மீண்டு வந்ததன்றோ, அம்மீட்சி அதன் உபாயமாகாதோ என்னில், ஆகாது. சிறகின் வலிமையால் அது அறிந்தது ஒன்றே: சிறகால் எட்டும் கரை இல்லை. பாய்மரத்தை அது நாட்டவுமில்லை, கப்பலை நடத்தவுமில்லை. வேறு புகலின்மையாகிய அநந்யகதித்வமே அதன் கையிலிருப்பது. அதையும் விலையாகக் கொடுக்க முடியாது. யானையை முடித்த வலிமையை ஆழ்வார் முன்வைப்பதும் இதனாலேயே என்று தோன்றுகிறது. தடைகளைப் போக்கும் ஆற்றல் அவனுடையது, நம்முடையதன்று.

அயல்நாடுகளில் வாழும் அன்பர் சிலர், பல்லாண்டு வேறெங்கெங்கோ தேடியலைந்தபின், எந்த முகத்தோடு ஸந்நிதிக்குத் திரும்புவது என்று வருந்துவதுண்டு. இப்பாசுரத்தில் அப்பறவையிடம் கப்பல் எதையும் கேட்கவில்லை. சென்ற தொலைவைக் கணக்கிடவுமில்லை. (பறக்கவிட்டவனும் மாலுமிதானே என்று உவமையை மேலும் நீட்டுதல் நமக்கு உடன்பாடன்று, ஆழ்வார் நின்ற இடத்தில் நிற்போம்.) ஆண்டாள் தன் குயிற்பத்தில், துன்பக்கடலில் வைகுந்தனாகிய தோணி கிட்டாத ஏக்கத்தைச் சொன்னாள். இவரோ, கிட்டிய கப்பலை விட்டுப் பறந்து, அதனிடமே மீள்பவரின் நிலையைச் சொல்கிறார்.

இவர் திருநாட்டுக்கு எழுந்தருளியது அம்பாசமுத்திரத்துக்கு அருகிலுள்ள மன்னார்கோயிலில் என்பர் பெரியோர். அங்கே இராஜகோபாலன் திருக்கோயிலில் ஆழ்வாருக்கு ஸந்நிதி உண்டு. குற்றாலத்துக்கு வருவோர் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, அங்கும் சென்று ஸேவித்து, இப்பாசுரத்தை அநுஸந்திக்கலாம்.