தண்ணியில விழுந்த சாவியும் மூணாவது சாவியும்

போன ஐப்பசியில மாமாவோட ஃபோர்டு ஃபிகோவில் குடும்பமா கல்வராயன் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துட்டு, மலைப்பாதையில் ஏறி, பெரியார் நீர்வீழ்ச்சிகிட்ட வண்டியை நிறுத்தினோம். மாமா முகம் கழுவக் குனிஞ்சார். சட்டைப் பாக்கெட்டில் இருந்த சாவி தண்ணிக்குள்ள போயிடுச்சு. துழாவி எடுத்துட்டோம். ஆனா ரிமோட் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் வண்டி அசையல.

"ஈரச் சாவியைப் போட்டா உள்ள இருக்கிற போர்டே போயிடும்னு மெக்கானிக் சொல்லியிருக்கார் மாப்ள, வேணாம்"னு மாமா அதை ஓரமா வெச்சுட்டார். பர்ஸில் ஒரு ஸ்பேர் சாவி இருந்தது. கள்ளக்குறிச்சியில் சாவி வெட்டுற கடையில் போட்ட வெறும் இரும்புச் சாவி. கதவு திறந்தது. இக்னிஷனில் போட்டுத் திருப்பினா இன்ஜின் கிளம்பல. டேஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மட்டும் வேகமா கண்ணடிச்சது. சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் ரோட்டில் நடந்து போய் வீட்டுக்கு போன் பண்ணி, மாமா பையனை பீரோவில் இருக்கிற இன்னொரு ஒரிஜினல் சாவியை எடுத்துக்கிட்டு பைக்கில் வரச் சொன்னோம். ரெண்டரை மணி நேரம் ஆச்சு. ஆயாவுக்கு சாயங்காலம் போட வேண்டிய இன்சுலின் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. மாமா வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

வந்தவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதப் போட்டுப் பாத்தீங்களா?"ன்னு அந்த ஈரச் சாவியையே துணியில் துடைச்சு இக்னிஷனில் போட்டான். ஒரே திருப்பு, வண்டி கிளம்பிடுச்சு.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கும் தோணல. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரை.

நாம கார் சாவின்னு சொல்றது ஒரே பிளாஸ்டிக் மூடிக்குள்ள இருக்கிற மூணு தனித்தனி சமாச்சாரம். முதலாவது இரும்பு, அது கதவையும் இக்னிஷன் பூட்டையும் திருப்பும், அவ்வளவுதான். ரெண்டாவது ரிமோட். இந்தியாவில் பெரும்பாலான கார்களில் அது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும், பட்டன் செல்லில் ஓடும், கதவைப் பூட்டித் திறக்கிறது மட்டுமே அதோட வேலை. மூணாவது இம்மொபிலைசர் சிப், அதாவது டிரான்ஸ்பாண்டர். இதுக்கு பேட்டரியே கிடையாது. இக்னிஷன் பூட்டைச் சுத்தி ஒரு காயில் இருக்கு. சாவியைப் போட்டுத் திருப்பும்போது அந்தக் காயில் உண்டாக்குற காந்தப்புலத்தில் இருந்தே சிப் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கும். நம்ம முதல் வருஷ டிரான்ஸ்பார்மர் பாடம்தான், நடுவில் இரும்புக்குப் பதிலா காற்று. வண்டி ஒரு எண்ணைக் கேள்வியா அனுப்பும், சிப் தன்கிட்ட இருக்கிற ரகசியக் குறியை வெச்சுக் கணக்குப் போட்டு பதில் சொல்லும். பதில் சரியா இருந்தாத்தான் இன்ஜின் ஓடும்.

இப்போ மலையில நடந்ததைத் திரும்பப் பாருங்க. தண்ணியில் செத்தது ரிமோட்டோட சர்க்யூட். சிப்புக்கு பேட்டரியும் இல்ல, ஷார்ட் ஆகிறதுக்கு பட்டனும் இல்ல, அதனால ஒண்ணும் ஆகல. பர்ஸில் இருந்த சாவியில் இரும்பு மட்டும்தான், அதனால கதவோட நின்னுடுச்சு. கண்ணடிச்ச சிவப்பு விளக்கு "இந்தச் சாவியை எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தது. யாரும் கேக்கல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுசா ஒரு ரிமோட் சாவி வாங்கினோம். மூணு வேலை தனித்தனியா பண்ணணும்: இரும்பு வெட்டணும், சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தணும், ரிமோட்டை அறிமுகப்படுத்தணும். வெட்டுறதுக்குக் கடைக்காரர் வேணும். மத்த ரெண்டும் இந்தத் தலைமுறை ஃபோர்டுகளில் நாமே பண்ணலாம். மறைமலை நகர் தொழிற்சாலையில் இருந்து 2010ல் வந்த முதல் ஃபிகோ, ஐரோப்பாவில் ஓடின பழைய ஃபியஸ்டாவோட அடித்தளத்தில் செஞ்சது. சாவி முறையும் அதேதான். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா ஃபோர்டு அறிவிச்சது. சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும்னு அப்பவே சொல்லியிருந்தாலும், நம்ம ஊர்ப்பக்கம் இருக்கிறவங்க சாவிக்காக சேலமோ விழுப்புரமோ போறதைவிட, கையில் இருக்கிற கையேட்டைப் பிரிச்சுப் படிக்கிறது லாபம்.

ரிமோட் வேலை சுலபம். சாவியை இரண்டாம் நிலைக்கு, அதாவது மீட்டர் விளக்கெல்லாம் எரியுற நிலைக்கு, ஆறு விநாடிக்குள்ள நாலு தடவை திருப்பணும். இன்ஜினைக் கிளப்பக் கூடாது. பிறகு ஆஃப். வண்டி ஒரு சத்தம் கொடுக்கும். அதுக்கப்புறம் பத்து விநாடிக்கு அது காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்தில் புது ரிமோட்டில் ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினா, திரும்ப ஒரு சத்தம். முடிஞ்சது. மொத்தம் நாலு ரிமோட் வரைக்கும் சேர்க்கலாம்.

முதல் ரெண்டு தடவை எனக்கு வரல. ஆறு விநாடிங்கிறது நினைக்கிறதைவிடக் குறைவு. மாமா "ஒண்ணு, ரெண்டு"ன்னு நிதானமா எண்ணிக்கிட்டு இருந்தார். மூணாவது தடவை எண்ணாம திருப்பினோம், சத்தம் வந்தது, புது ரிமோட் வேலை செஞ்சது. ஆனா இதுக்குள்ள காய வெச்சு உயிர் பிழைச்சிருந்த பழைய ரிமோட் சுத்தமா நின்னுடுச்சு! ரிப்பேர் இல்ல. கற்கும் நிலைக்குப் போகும்போது வண்டி பழைய ரிமோட் பட்டியலை அழிச்சுட்டு புதுசா எழுதுது. கையேட்டில் "ஒரிஜினலையும் சேர்த்து எல்லா ரிமோட்டுக்கும் இதையே செய்யவும்"னு ஒரு வரி இருக்கு. அந்த வரியை நான் படிக்கல. திரும்ப முதலில் இருந்து பண்ணி, அந்தப் பத்து விநாடிக்குள்ள ரெண்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு அமுக்கினோம். எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் இந்த வேலைக்கு உட்காரும்போது வீட்டில் இருக்கிற எல்லா ரிமோட்டையும் மடியில் வெச்சுக்கிட்டு உட்காருங்க. திருப்புற எண்ணிக்கையும் நேரமும் வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் கதவு பூட்டித் திறக்கிற சத்தம்தான் பதில், சிலதில் ஸ்கேனர் இல்லாம முடியவே முடியாது.

ஏன் இப்படி அறிமுகப்படுத்தணும்? கேட் ரிமோட்டை எதிரெதிரே வெச்சு காப்பி எடுக்கிற மாதிரி எடுத்தா என்ன? பழைய கேட் ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைச் சொல்லும், அதனால யார் பதிவு பண்ணி ஒலிபரப்பினாலும் கேட் திறக்கும். கார் ரிமோட் ஒவ்வொரு அமுக்கலுக்கும் புது எண் சொல்லும். படிக்கிறதுக்கு நல்ல உதாரணம் கீலாக். தென்னாப்பிரிக்காவின் நானோடெக் கம்பெனி 1980களில் உருவாக்கி, 1995ல் மைக்ரோசிப்புக்கு வித்த முறை. அதோட எச்.சி.எஸ். 301 சிப் ஒரு அமுக்கலுக்கு 66 பிட் அனுப்பும். அதில் 28 பிட் ரிமோட்டோட வரிசை எண், 32 பிட் ரகசியமாக்கப்பட்ட பகுதி. அந்த 32க்குள்ள ஒரு 16 பிட் கவுண்டர் ஒளிஞ்சிருக்கு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் அது ஒண்ணு ஏறும். மொத்தம் 65,536 எண்ணிக்கை. ஒரு நாளைக்கு இருபது தடவை அமுக்கினா ஒரு சுத்து முடிய கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்.

வண்டியும் கடைசியா கேட்ட கவுண்டரை ஞாபகம் வெச்சிருக்கும். அதைவிடப் பழைய எண் வந்தா திறக்காது. சரி, பாக்கெட்டில் இருந்தபடியே பஸ்ஸில் பட்டன் அமுங்கிக்கிட்டே வந்தா? அதுக்கும் வழி இருக்கு. அடுத்த 16 எண்ணுக்குள்ள இருந்தா அப்படியே ஏத்துக்கும். அதைத் தாண்டி 32,768க்குள்ள இருந்தா முதல் அமுக்கலை நம்பாது, அடுத்தடுத்து ரெண்டு அமுக்கல் வரிசையா வந்தா நம்பும். "என் ரிமோட் ரெண்டாவது தடவை அமுக்கினாத்தான் திறக்குது"ன்னு யாராவது சொன்னா, எல்லா நேரமும் அது பேட்டரி குறை இல்ல.

உடையாத பூட்டுன்னு நினைக்க வேண்டாம். 2008ல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகக் குழு, கீலாக் சிப் எடுத்துக்கிற கரண்டின் ஏற்ற இறக்கத்தை அளந்தே ரகசியக் குறியைக் கண்டுபிடிச்சது. அதுக்கப்புறம் ரெண்டு சிக்னலை ஒட்டுக்கேட்டாலே ரிமோட்டை நகல் எடுக்க முடிஞ்சது. ஃபோர்டு வண்டிகளில் இருந்த 40 பிட் டிரான்ஸ்பாண்டரையும் 2005லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர்கள் உடைச்சு, ஒரு எஸ்கேப் வண்டியை ஓட வெச்சுக் காட்டினாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்க அந்த ரெண்டு ஆய்வையும் படிக்கலாம், சொந்த வண்டியில் மட்டும்.

இனி சிப். இதுதான் இந்தக் கட்டுரையில் பணம் சம்பந்தப்பட்ட இடம். வண்டிக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ரெண்டு சாவி இருந்தா, மூணாவதை நாமே சேர்க்கலாம். முதல் சாவியைப் போட்டு இரண்டாம் நிலைக்குத் திருப்பி, ஆஃப் பண்ணி எடுக்கணும். உடனே ரெண்டாவது சாவி, அதே மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் அஞ்சு விநாடிதான். எடுத்த பத்து விநாடிக்குள்ள புதுச் சாவியைப் போட்டு இரண்டாம் நிலைக்குத் திருப்பினா அது உறுப்பினர். இப்படி எட்டு சாவி வரைக்கும். ஒரே ஒரு சாவிதான் இருக்குன்னா இந்த வழி அடைஞ்சுடும். அப்புறம் ஸ்கேனர் இருக்கிற ஆளைத் தேடணும், அவர் சொல்றதுதான் விலை.

ஏன் ரெண்டு? பார்க்கிங்கில் கொடுத்த சாவியை வெச்சு யாரும் ரகசியமா இன்னொண்ணு சேர்த்துடக் கூடாதுன்னுதான். பாதுகாப்பு சரி. ஆனா பழைய வண்டி வாங்கும்போது "ஒரு சாவிதான் இருக்கு சார்"னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு இப்போ தெரியுது இல்ல? வண்டி திருடு போனா இன்சூரன்ஸ்காரங்க ஒரிஜினல் சாவி எல்லாத்தையும் கேட்பாங்க. அதையும் சேர்த்து விலையில் பேசுங்க. ரெண்டில் ஒண்ணு தொலைஞ்சதும் இல்ல, ரெண்டும் கையில் இருக்கும்போதே மூணாவதைப் பண்ணிடணும்.

மாமா பண்ணிட்டார். புதுச் சாவி இப்போ பீரோவில் பத்திரமா இருக்கு. தண்ணி குடிச்ச பழைய ரிமோட்டில் திறக்கிற பட்டன் வேலை செய்யுது, பூட்டுற பட்டன் சில நாள் வேலை செய்யாது. மாமா இன்னும் அதையேதான் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டுப் போறார்.