சந்தனம்: தெரிந்தது எது, தேட வேண்டியது எது?

நெல்லில் தவறு நேர்ந்தால் அடுத்த பட்டத்தில் திருத்திக் கொள்ளலாம். மரத்தில் தவறு நேர்ந்தால் நிலமும் பத்தாண்டு உழைப்பும் வீணாகும். ஆகவே, மர ஆராய்ச்சி தொடங்குமுன், கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளதா என்று பார்ப்பதே முதல் வேலை. விவசாயிகளின் தேவைகளையும் நூல்களில் உள்ள செய்திகளையும் ஒப்பிட்டால் கேள்விகள் மூன்று வகையாகப் பிரியும். சந்தனத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

1. விடை உள்ளவை

தனியாக நட்ட கன்று ஏன் மஞ்சளித்து நிற்கிறது? சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அதன் வேர் அருகிலுள்ள செடியின் வேரைப் பற்றி நீரும் சத்தும் உறிஞ்சும். இதனை ஜான் ஸ்காட் 1871-லேயே கண்டறிந்தார். எனவே நாற்றங்காலில் பையிலேயே துவரை அல்லது பொன்னாங்கண்ணியும், வயலில் சவுக்கு போன்ற துணை மரமும் தேவை. துணைச்செடி கன்றை மூடாதபடி அவ்வப்போது நறுக்கிவிட வேண்டும்.

விதை சீராக முளைக்க, ஒரு லிட்டர் நீரில் 500 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலம் கரைத்து, ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம்.

இவற்றுக்குப் புதிய ஆராய்ச்சி வேண்டாம். நூலில் உள்ளது வயலுக்கு வந்தால் போதும்.

2. பிற இடங்களில் விடை உள்ளவை

ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் பாசனத்தில் சந்தனம் வளர்க்கின்றனர். அங்குள்ள துணை மரமும் இடைவெளியும் நம் செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. சில வரிசைகளில் சோதித்துப் பார்த்த பின்னரே பரப்பைக் கூட்ட வேண்டும்.

3. விடை முழுமையாகாதவை

இலைகள் சிறுத்து விறைத்து நிற்கும் ஸ்பைக் நோய் 1899-ல் குடகில் காணப்பட்டது. மைக்கோபிளாஸ்மா போன்ற நுண்ணுயிரே காரணம் என 1969-ல்தான் தெரிந்தது. நோயுற்ற மரத்தை முற்றிலும் குணப்படுத்தும் வழி இன்னும் கைவரவில்லை.

பாசனத் தோட்டத்தில் எத்தனை ஆண்டில் எவ்வளவு வைரம் பாயும்? இது மரத்துக்கு மரம் வேறுபடுகிறது. ஆகவே, "இத்தனை ஆண்டில் இத்தனை இலட்சம்" என்று கன்று விற்பவர் கூறும் கணக்கை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஆராய்ச்சியின் முதலிடம் இக்கேள்விகளுக்கே உரியது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஐயம் எழுந்தால் மண் வகை, பாசனம், கன்றின் வயது, துணைச்செடி, தென்படும் அறிகுறி ஆகிய ஐந்தையும் குறித்து, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கு எழுதுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால், விடை நூலில் உள்ளதா, வயலில் தேட வேண்டுமா என்பது விரைவில் விளங்கும்.